வக்கீல் குமாஸ்தாவும் பெயரில்லாத பிரபுவும்

1890 மார்ச் 8 என்று தேதியிட்ட ஒரு தாள். கையெழுத்தில் அவசரம் தெரிகிறது. முழு வாக்கியங்கள் குறைவு. ஒரு இளைஞன் ரயிலில் போகிறான். அவன் இறங்கவேண்டிய விலாசத்தைத் தெரிந்துகொண்ட சகபயணிகள் போகவேண்டாம் என்று தடுக்கிறார்கள். போகிறான். புயலுக்கு நடுவே ஒரு பழைய கோட்டை வாசலில் அவனை இறக்கிவிட்டு வண்டிக்காரன் மறைந்துவிடுகிறான். செத்தவன் எழுந்து வந்ததுபோல், மெழுகு நிறத்தில், கண்ணில் மட்டும் நெருப்போடு ஒரு கிழப் பிரபு எதிரே நிற்கிறான். பிறகு சில பெண்கள். அவர்களில் ஒருத்தி இளைஞனை முத்தமிடக் குனிகிறாள். அவள் வாய் தேடுவது அவன் கழுத்தை. கிழவன் பேய்க் கோபத்தோடு குறுக்கே பாய்ந்து, இவன் எனக்கு உரியவன் என்று பிடித்துக்கொள்கிறான்.

‘டிராகுலா’ நாவலைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு இதுதான். எழுதியவர் பிராம் ஸ்டோக்கர், வயது 42. தாளில் டிராகுலா என்ற பெயர் இல்லை, டிரான்சில்வேனியாவும் இல்லை. பிரபுவுக்கே பெயரில்லை. ஆனால் அந்தக் கோட்டையில் ஆங்கிலேய வக்கீல்களின் பெயர் விவரப் புத்தகம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு சொத்து வாங்கித் தரவேண்டும், அதில் புனிதப்படுத்தப்பட்ட தேவாலயம் இருக்கவேண்டும், பக்கத்தில் ஆறு ஓடவேண்டும் என்று இளைஞனுக்குக் கட்டளையும் இருக்கிறது. அதை ஒட்டி எழுதிய குறிப்புகளில், ஜெர்மன் மொழி தெரியாத நம்பகமான ஒரு வக்கீலை அனுப்பச் சொல்லிப் பிரபு சட்டச் சங்கத் தலைவருக்கு எழுதும் கடிதம் வருகிறது. பேய் உருவாவதற்கு முன்பே அதன் கிரயப் பத்திரத்தை எழுதப்போகிறவன் உருவாகிவிட்டான்.

இந்த நாவல் எப்படிப் பிறந்தது என்று சொல்லும் பெரும்பாலானோர் பிரபுவின் பின்னால் போகிறார்கள். நான் அந்த இளைஞனின் பின்னால் போக விரும்புகிறேன். நம் காலத்து மனிதன் ஒருவன், வீரம் காட்டும் ஆசை துளியும் இல்லாமல், வேலைக்காகப் போன இடத்தில் வேறொரு உலகத்துக்குள் மாட்டிக்கொள்வதாக இன்று எவ்வளவோ மாயப்புனைவுகள் வருகின்றன. ரத்தக்காட்டேரிக் கதைகளில் அந்த மனிதனை முழு உருவத்தோடு நிறுத்தியது ஸ்டோக்கர்தான். அவனை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டால், பதில் ஸ்டோக்கரின் அன்றாட வேலையில் இருக்கிறது.

ஸ்டோக்கர் 1847 நவம்பர் 8 அன்று டப்ளின் அருகே குளோன்டார்ஃபில் பிறந்தார். ஏழு வயது வரைக்கும் என்னவென்று புரியாத நோயோடு படுக்கையில் கிடந்தவர். எழுந்து நின்றபின் வளர்ந்து, டிரினிட்டி கல்லூரியில் பெயர்பெற்ற விளையாட்டு வீரரானார். அதன்பின் தகப்பனாரைப் போலவே டப்ளின் கோட்டையில் அரசாங்க உத்தியோகம். ஊர் ஊராக இருக்கும் சிறு நீதிமன்றங்களைப் பார்வையிடும் பதவிக்கு உயர்ந்தார். அந்த நீதிமன்ற எழுத்தர்கள் என்னென்ன செய்யவேண்டும் என்று விளக்கி அவர் எழுதிய கையேடு 1879இல் வெளிவந்தது. பதிவேடு, படிவம், முத்திரை, கட்டணம் என்று முழுக்க முழுக்க அலுவலகச் சங்கதி. டிராகுலாவைத் தேடிப் போகிறவர்கள் இந்தக் கையேட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது தவறு என்று நினைக்கிறேன். காகிதத்தை ஒழுங்காக வைத்திருப்பவன் கையில் அதிகாரம் இருக்கிறது என்ற நம்பிக்கையை ஸ்டோக்கர் அங்கேதான் கற்றார்; பின்னால் ஒரு அரக்கனை வீழ்த்த அவர் கொடுத்த ஆயுதமும் அதுவே.

அதற்குள் நாடகப் பைத்தியம் பிடித்திருந்தது. டப்ளின் மாலைப் பத்திரிகை ஒன்றுக்குச் சம்பளமில்லாமல் நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். அப்படித்தான் அந்தக் காலத்தின் மிகப் பெரிய நடிகர் ஹென்றி இர்விங்கின் நட்பு கிடைத்தது. 1878இல் இர்விங் லண்டனின் லைசியம் அரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கியபோது நிர்வாகப் பொறுப்பை ஏற்க ஸ்டோக்கரைக் கூப்பிட்டார். அரசாங்க வேலையை உதறிவிட்டு, அந்த டிசம்பரில் ஃபுளோரன்ஸ் பால்கோம்பைத் திருமணம் செய்துகொண்டு லண்டனுக்குப் போனார் ஸ்டோக்கர். 1905இல் இர்விங் இறக்கும்வரை அவரை விட்டு விலகவில்லை. வசூல், கணக்கு, கடிதம், அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ரயில், கப்பல், விடுதி ஏற்பாடு எல்லாம் அவர் தலையில். இதற்கு நடுவில் சட்டமும் படித்தார். 1890 ஏப்ரலில் லண்டனில் பாரிஸ்டராகப் பதிவாகிறார். அந்த முதல் தாளுக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாவலின் ஜொனாதன் ஹார்க்கரும் அப்போதுதான் தேர்வு தேறி வக்கீலானவன். கோட்டை வாசலில் இருட்டில் நிற்கும்போது தன்னைக் குமாஸ்தா என்று நினைத்துவிட்டு, இல்லை, நான் இப்போது முழு வக்கீல் என்று திருத்திக்கொள்கிறான். அந்தச் சின்னப் பெருமிதம் ஸ்டோக்கருக்கு வெளியிலிருந்து வந்ததல்ல.

பயம் மட்டும் இன்னும் பழைய இடத்திலிருந்து வந்தது. அவர் தாயார் சார்லட், அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்லைகோ ஊர்க்காரர். 1832இல் அந்த ஊரைக் காலரா சூறையாடியபோது அவருக்குப் பதினான்கு வயது. மகன் கேட்டுக்கொண்டதற்காகப் பின்னாளில் அந்த நாட்களை எழுதிக் கொடுத்தார். தெருவில் விழுந்த வழிப்போக்கன் ஒருவனைத் தொடப் பயந்து, நீளக் கம்புகளால் தள்ளிக் குழியில் உயிரோடு புதைத்தார்கள். ஒரு நெட்டையான ராணுவ ஆளின் உடல் சவப்பெட்டிக்குள் அடங்காததால் காலை உடைக்கச் சுத்தியலை ஓங்கினான் பெட்டி செய்பவன். முதல் அடியிலேயே பிணம் எழுந்து உட்கார்ந்தது. வீட்டுக்குள் நுழையக் கைநீட்டியவனின் கையைச் சார்லட்டே கோடரியால் வெட்டினார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். படுக்கையை விட்டு எழமுடியாத பையன் இவற்றைக் கேட்டு வளர்ந்தான். செத்தவர் முழுதாகச் சாகவில்லை என்பது அவனுக்குக் கற்பனை இல்லை. அம்மா கண்ணால் பார்த்தது.

ரத்தக்காட்டேரி ஆங்கில இலக்கியத்துக்குப் புதிதல்ல. பைரனின் மருத்துவராக இருந்த ஜான் போலிடோரியின் கதை 1819இல் வந்தது. 1840களில் ‘வார்னி’ காலணாத் தொடராக ஓடியது. டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ 1871-72இல் வெளியானது. அது ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாகாணத்தில் நடக்கும் கதை. ஸ்டோக்கர் விமர்சனம் எழுதிய பத்திரிகையின் உடைமையாளர்களில் லெ ஃபானுவும் ஒருவர். முதல் குறிப்புகளில் ஸ்டோக்கரின் பிரபுவும் ஸ்டைரியாவில்தான் வசிக்கிறான் என்பதால் தாக்கத்தை மறைக்க வழியில்லை.

நமக்குப் பக்கமாக ஒரு இழையும் உண்டு. பட்டி விக்கிரமாதித்தன் கதையில் முருங்கை மரத்து வேதாளத்தை நமக்குத் தெரியும். அதே வேதாளக் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் ரத்தக்காட்டேரிக் கதைகளாக்கி வெளியிட்டார். ஸ்டோக்கர் பர்ட்டனை நேரில் பழகி அறிந்தவர். பர்ட்டன் பேசும்போது உதடு மேலேறிக் கோரைப்பல் தெரிவதைத் தம் நினைவுக் குறிப்பில் கவனமாக எழுதியிருக்கிறார். அந்தப் பல் டிராகுலாவின் வாய்க்குள் போனது என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் மனிதர்களை எப்படி உற்றுப் பார்க்கும் எழுத்தாளர் அவர் என்பது அதில் தெரிகிறது.

பிறந்த கதை என்றால் கட்டுக்கதைகளும் சேர்ந்தே வரும். ராத்திரி நண்டு அதிகம் சாப்பிட்டதால் வந்த கெட்ட கனவிலிருந்து நாவல் பிறந்தது என்பது ஒன்று. ஹங்கேரியப் பேராசிரியர் ஆர்மினியஸ் வாம்பரி லைசியம் விருந்தில் டிராகுலாவின் சரித்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார் என்பது இன்னொன்று. அந்த விருந்தைப் பற்றி ஸ்டோக்கரே எழுதியிருக்கிறார், அதில் ரத்தக்காட்டேரிப் பேச்சே கிடையாது. எல்லாவற்றையும்விடப் பரவியது, எதிரிகளைக் கழுவேற்றிய பதினைந்தாம் நூற்றாண்டு வலாக்கிய மன்னன் விளாட்டின் வாழ்க்கையை வைத்தே நாவல் எழுதப்பட்டது என்பது. 1972இல் இரண்டு பேராசிரியர்கள் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு அது உலகம் முழுக்க உறுதியான உண்மைபோல் ஆகிவிட்டது. ஸ்டோக்கரின் குறிப்புகளில் விளாட் என்ற பெயரும் இல்லை, கழுவேற்றமும் இல்லை.

அப்படியானால் டிராகுலா என்ற பெயர் எப்படி வந்தது? அது ஒரு விடுமுறையில் வந்தது.

1890 கோடையில் ஸ்டோக்கர் மனைவியோடும் மகனோடும் யார்க்‌ஷயர் கடற்கரையில் இருக்கும் விட்பி ஊருக்கு ஓய்வெடுக்கப் போனார். எஸ்க் ஆறு கடலில் சேரும் இடம். மேற்குப் பாறையில் தங்கும் விடுதிகள். கிழக்குப் பாறையில் இடிந்த துறவிமடமும் செயின்ட் மேரி தேவாலயமும். கீழே மீனவர் வீடுகளிலிருந்து தேவாலயத்துக்கு ஏற 199 படிகள். மேலே ஏறினால் கல்லறைத் தோட்டம்; பாறை விளிம்பு வரைக்கும் கடலில் செத்தவர்களின் பெயர்க் கற்கள். ஸ்டோக்கர் அந்தக் கற்களிலிருந்து பெயர்களைக் குறித்துக்கொண்டார். நாவலில் வரும் கிழட்டு மாலுமி ஸ்வேல்ஸின் பெயர் அப்படிக் கல்லிலிருந்து எழுந்து வந்தது. அந்த ஊர்ப் பேச்சை அவன் வாயில் வைக்க, விட்பி வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றிலிருந்து பக்கம் பக்கமாகச் சொற்களை எடுத்து எழுதினார். அஸ்தமனத்தில் மேகம் எந்த நிறத்தில் இருந்தது, காற்று எப்படி மாறியது என்றுகூடக் குறிப்பு இருக்கிறது.

துறைமுகத்தில் கடலோரக் காவலர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் பழைய கப்பல் விபத்துகளைச் சொன்னார். அவற்றில் ஒன்று, 1885 அக்டோபரில் புயலில் சிக்கித் தேவாலயப் பாறைக்குக் கீழே மணலில் ஏறிய ‘டிமிட்ரி’ என்ற ருஷ்யப் பாய்மரக் கப்பல். நார்வா துறையிலிருந்து புறப்பட்டு, அடிப்பாரத்துக்கு மணல் ஏற்றி வந்தது. நாவலில் அது ‘டிமீட்டர்’ ஆகிறது. நார்வாவின் எழுத்துகள் இடம்மாறிக் கருங்கடல் துறையான வார்னா ஆகிறது. மணல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதோடு மண் நிரப்பிய பெட்டிகள் சேர்கின்றன. செத்துப்போன தலைமை மாலுமி சுக்கானோடு கட்டப்பட்டு நிற்க, யாரும் ஓட்டாத கப்பல் துறைமுகத்துக்குள் பாய்கிற அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது, பாதிக்கு மேல் அந்த ஊர்க்காரர்கள் தந்தது என்று தெரிந்திருந்தால் வியப்பு கூடத்தான் செய்கிறது.

விட்பி சந்தா நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார் ஸ்டோக்கர். வில்லியம் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி வலாக்கியா, மால்டேவியா நாடுகளைப் பற்றி 1820இல் வெளியிட்டது. அதில் துருக்கியரோடு போரிட்ட ஒரு டிராகுலாவைப் பற்றி மிகச் சில வரிகள். கூடவே ஒரு அடிக்குறிப்பு: வலாக்கிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிசாசு என்று பொருள். ஸ்டோக்கர் அதைத் தம் தாளில் எழுதிக்கொண்டார். நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு இருந்த எண்ணையும் மறக்காமல் எழுதினார். பழைய நீதிமன்றப் பார்வையாளரின் பழக்கம். அவர் வைத்திருந்த பாத்திரப் பட்டியலில் அதுவரை பிரபுவின் பெயர் ‘வாம்பிர்’. ரத்தக்காட்டேரிக்கு ரத்தக்காட்டேரி என்றே பெயர். அதை அடித்துவிட்டு மேலே டிராகுலா என்று எழுதினார். அந்த ஒலி அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால், அதே தாளின் மேலேயும் ஓரங்களிலும் திரும்பத் திரும்ப அந்தப் பெயரை எழுதிப் பார்த்திருக்கிறார்.

ஊர் மாறியதும் இப்படித்தான். எமிலி ஜெரார்ட் என்ற ஸ்காட்லாந்துப் பெண் எழுத்தாளர், ஆஸ்திரிய-ஹங்கேரியக் குதிரைப்படை அதிகாரியான கணவரோடு சில காலம் டிரான்சில்வேனியாவில் வாழ்ந்தவர். அங்குள்ள நாட்டார் நம்பிக்கைகளைப் பற்றி 1885இல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். செயின்ட் ஜார்ஜ் நாள் இரவில் புதையல் இருக்கும் இடத்தில் எரியும் நீலச் சுடர், மலைக்குள் பிசாசே ஆசிரியராக இருந்து நடத்தும் பள்ளி, ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற சொல் எல்லாம் ஸ்டோக்கருக்கு அந்தக் கட்டுரையிலிருந்து கிடைத்தவை. ஸ்டைரியாவை விட்டுவிட்டார். பிரபு டிரான்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தான்.

ஸ்டோக்கர் அந்த மண்ணில் கால் வைத்ததே இல்லை. பயண நூல்களையும் வரைபடங்களையும் ரயில் அட்டவணைகளையும் வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் பயணத்தைச் செய்தார். அவர் உறுப்பினராக இருந்த லண்டன் நூலகத்தில், அவர் கோடிட்டதாக நம்பப்படும் புத்தகங்கள் 2018இல் அடையாளம் காணப்பட்டன. நாவலின் முதல் பக்கங்களில் ஹார்க்கர் செய்வதும் அதையே. புறப்படுமுன் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்குப் போய்ப் படிக்கிறான். ரயில் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தாமதம் என்று நாட்குறிப்பில் எழுதுகிறான். வழியில் மிளகாய் தூக்கலாகச் சமைத்த கோழியைச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, மீனாவுக்காக அதன் செய்முறையை வாங்கவேண்டும் என்று குறித்துவைக்கிறான். எனக்கு நாவலில் மிகவும் பிரியமான இடம் அது. நரகத்தின் வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவன், கல்யாணம் நிச்சயித்த பெண்ணுக்குச் சமையல் குறிப்பு தேடுகிறான். கிழக்கே போகப்போக ரயில்கள் தாமதமாகின்றன. விடுதிக்காரக் கிழவி அவன் கழுத்தில் சிலுவையை மாட்டிவிடுகிறாள். புராட்டஸ்டண்ட் சபைக்காரனான அவனுக்கு அது கூச்சமாக இருக்கிறது, மறுக்கவும் மனமில்லை. திரும்பிப் போகலாமா என்று தோன்றுகிறது. போகமுடியாது. கிரயம் முடிக்கவேண்டும், முதலாளிக்குப் பதில் சொல்லவேண்டும். கடமை அவனை உள்ளே தள்ளுகிறது.

இந்த இடத்தில்தான் ஸ்டோக்கர் முன்னோர்களிடமிருந்து பிரிகிறார். போலிடோரியின் கதையில் பிரபுக்களும் விருந்துகளும். லெ ஃபானுவின் கதையில் தனிமைக் கோட்டையும் தாயில்லாப் பெண்ணும். ஸ்டோக்கரின் ஹார்க்கர் கோடாக் படங்களோடு கோட்டைக்குள் போகிறான். பிரபு வாங்கப்போகும் பர்ஃப்லீட் வீட்டை அவனே படமெடுத்திருக்கிறான். சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதுகிறான். பிரபுவின் நூலகத்தில் லண்டன் விலாசப் புத்தகமும், வக்கீல் பட்டியலும், ரயில் நேர அட்டவணையும் அடுக்கியிருக்கின்றன. சட்டத்தைப் பற்றிப் பிரபு கேட்கும் கேள்விகள் அவ்வளவு கூர்மையாக இருக்கின்றன. இவர் அருமையான வக்கீலாக வந்திருப்பார் என்று ஹார்க்கரே வியக்கிறான். அன்றிரவே, அதே மனிதர் சுவரில் தலைகீழாகப் பல்லிபோல் இறங்குவதைப் பார்க்கிறான். இரண்டும் ஒரே நாட்குறிப்பில், ஒரே நிதானமான நடையில். பழைய நூற்றாண்டுகளுக்குத் தனியாக ஒரு வலிமை இருக்கிறது, வெறும் நவீனத்தால் அதைக் கொன்றுவிடமுடியாது என்று அவன் அங்கே எழுதுவதை நான் நாவலின் நெஞ்சென்றே சொல்வேன்.

எழுதி முடிக்க ஏழாண்டு ஆனது. பகலும் இரவும் லைசியத்துக்கு. விடுமுறை மட்டுமே எழுத்துக்கு. 1893 முதல் ஸ்காட்லாந்தின் குரூடன் கடற்கரைக்குப் போகத் தொடங்கினார். அங்கே ஸ்லெயின்ஸ் என்ற கோட்டையில் எண்கோண வடிவில் ஓர் அறை உண்டு; டிராகுலாவின் கோட்டையிலும் அப்படி ஒரு அறை இருக்கிறது. சித்தம் கலங்கிய ரென்ஃபீல்டின் மண்டையில் அடிபட்டால் என்ன ஆகும், எப்படித் துளையிடவேண்டும் என்று அறுவை மருத்துவரான அண்ணன் தார்ன்லியிடம் கேட்டு, அவர் எழுதிக் கொடுத்ததைப் பத்திரப்படுத்தினார். கதை நடக்கும் நாட்களை நாட்காட்டித் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பினார். தேதியும் கிழமையும் 1893ஆம் ஆண்டோடு பொருந்துகின்றன.

குறிப்புகளில் இருந்த பலர் நாவலுக்குள் வராமலே போனார்கள். ஒரு துப்பறிவாளர், ஆவி ஆராய்ச்சி செய்பவர், ஒரு ஓவியர், ஒரு ஜெர்மன் பேராசிரியர். ஓவியருக்கு ஒரு வேலை வைத்திருந்தார்: பிரபுவை எத்தனை முறை வரைந்தாலும் வேறு யாரோபோல வரும். கோடாக்கில் படமெடுத்தால் கறுப்பாகவோ எலும்புக்கூடாகவோ விழும். இந்தக் கற்பனையை ஏன் விட்டார் என்று எனக்கு ஏக்கம்தான். கண்ணாடியில் பிம்பம் விழாதது மட்டும் தப்பியது. அதுவும் ஹார்க்கர் காலையில் முகச்சவரம் செய்யும்போது வந்து சேர்ந்தது.

துப்பறிவாளர் போனதில் ஒரு லாபம் உண்டு. இந்த நாவலில் வேட்டைக்குப் போகிறவர்களில் போலீஸ் இல்லை. வக்கீல், பள்ளி உதவி ஆசிரியை, மனநல மருத்துவர், வயதான டச்சுப் பேராசிரியர், பிரபு குடும்பத்து இளைஞன், டெக்சாஸ்காரன். இவர்களை ஒரு படையாக்குவது மீனாவின் டைப்ரைட்டர். கணவனின் சுருக்கெழுத்து நாட்குறிப்பு, மருத்துவர் ஃபோனோகிராஃபின் மெழுகு உருளையில் பேசிப் பதிந்தது, தந்திகள், செய்தித்தாள் துண்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தட்டச்சிட்டுப் படிகள் எடுக்கிறாள். பிரபு உள்ளே புகுந்து கையெழுத்துப் பிரதியையும் உருளைகளையும் தீயில் போடுகிறான்; பெட்டகத்தில் ஒரு படி பத்திரமாக இருக்கிறது. ஹார்க்கர் லண்டனுக்குத் திரும்பியபின் கையெடுத்த முதல் வேலை வாளெடுப்பதல்ல. மண்பெட்டிகள் எந்த முகவரால், எந்த ரயிலில், எந்த வண்டிக்காரர்களால், எந்த வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன என்று ரசீதுகளையும் கடிதங்களையும் வைத்துத் தடம் பிடிக்கிறான். வண்டிக்காரர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்து விலாசம் கேட்கிறான். ஐம்பது பெட்டிகளும் கணக்குக்கு வந்தாகவேண்டும். லைசியத்தின் சாமான்களைக் கப்பலேற்றி அமெரிக்கா கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த நிர்வாகிக்குத்தான் இப்படி ஒரு வீரம் தோன்றமுடியும்.

கடைசியில் ஹார்க்கர் கையில் ஆயுதமும் வருகிறது. கூர்க்காக்களின் குக்ரிக் கத்தி. கார்பேதிய மலைப்பனியில் சூரியன் மறையும் நேரத்தில் அது பிரபுவின் கழுத்தில் இறங்குகிறது. அதற்குள் ஹார்க்கரின் தலைமுடி வெளுத்துப்போயிருந்தது.

அச்சுக்குப் போன தட்டச்சுப் பிரதி பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1980களில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு கொட்டாரத்தில் கிடைத்தது. அதன் தலைப்பில் டிராகுலா என்று இல்லை. சாகாதவன் என்ற பொருளில் வேறொரு தலைப்பைக் கையால் எழுதியிருக்கிறார் ஸ்டோக்கர். பிரபு செத்தவுடன் கோட்டையே வெடித்து மண்ணோடு மண்ணாகும் ஒரு முடிவும் அதில் இருந்தது. அதை நீக்கினார். கோட்டை நிற்கிறது, ஏழாண்டு கழித்து ஹார்க்கர் தம்பதி அதைப் பார்க்கப் போகிறார்கள். தலைப்பு கடைசிக் கட்டத்தில்தான் மாறியது.

புத்தகம் வெளிவர ஒரு வாரம் இருக்கும்போது, 1897 மே 18 காலையில், லைசியம் மேடையில் முழு நாவலும் நாடகமாக வாசிக்கப்பட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. பார்வையாளர் என்று சொல்ல அநேகமாக ஆளில்லை. கூட்டத்துக்காக அது நடத்தப்படவில்லை. மேடையேறிவிட்டால் நாடக உரிமை ஆசிரியரிடமே நிற்கும் என்பது அன்றைய சட்டம். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்புத் தாள்களைக் கத்தரித்து ஒட்டி, இடையிடையே கையால் எழுதிச் சேர்த்து ஸ்டோக்கர் அவசரமாகத் தயாரித்த பிரதி இன்றும் இருக்கிறது. மே 26 அன்று கான்ஸ்டபிள் நிறுவனம் நாவலை வெளியிட்டது. மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து, விலை ஆறு ஷில்லிங்.

விமர்சனங்கள் நன்றாகவே வந்தன. அம்மா சார்லட் மகிழ்ந்து எழுதினார். ஆனால் அந்தப் புத்தகம் ஸ்டோக்கரின் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தவில்லை. இர்விங் போனபின் வருமானம் சுருங்கியது, உடல் தளர்ந்தது. 1911இல் எழுத்தாளர் உதவி நிதிக்கு மனு எழுதி நூறு பவுண்டு பெற்றார். 1912 ஏப்ரல் 20 அன்று லண்டனில் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் நூல்களும் தாள்களும் ஏலத்துக்குப் போனபோது, டிராகுலாவுக்கான மூலக் குறிப்புகள் இரண்டு பவுண்டு இரண்டு ஷில்லிங்குக்கு விலைபோயின.

அதன்பின் பிரபு வளர்ந்தான், வக்கீல் தேய்ந்தான். 1922இல் ஜெர்மனியில் அனுமதி வாங்காமல் ‘நோஸ்ஃபெராட்டு’ படம் எடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டு, படத்தின் பிரதிகளை அழிக்கும் தீர்ப்பைப் பெற்றார். சில பிரதிகள் தப்பிப் பிழைத்தன. 1924இல் ஹாமில்டன் டீன், ஃபுளோரன்ஸின் இசைவோடு நாவலை மேடைக்குக் கொண்டுவந்தார். மலைப்பாதையையும் கோட்டையையும் மேடையில் காட்டுவது கடினம் என்பதால் கதை முழுவதும் இங்கிலாந்திலேயே நடந்தது. ஹார்க்கரின் பயணம் அங்கேயே வெட்டுப்பட்டது. 1931இல் பேலா லுகோசி நடித்த ஹாலிவுட் படத்தில் பயணம் திரும்பி வந்தது. ஆனால் கோட்டைக்குப் போகிறவன் ரென்ஃபீல்ட், ஹார்க்கர் லண்டன் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறான். 1958இல் கிறிஸ்டோபர் லீ நடித்த படத்தில் ஹார்க்கர் ரத்தக்காட்டேரியைக் கொல்லவே திட்டமிட்டு, நூலகப் பணியாளன் வேடத்தில் போகிறான். தயக்கம் போய்விட்டது. எதற்காக வந்தோம் என்பதே தெரியாமல் பத்திரக் கட்டோடு வாசலில் நின்றவன் திரையில் காணாமல் போனான்.

புத்தகத்தில் நேர் எதிர். முதல் நான்கு அத்தியாயங்கள் முழுக்க ஹார்க்கரின் நாட்குறிப்புதான். டிராகுலா நிறையப் பேசுவது அங்கேதான். அதற்குப் பின் நூற்றுக்கணக்கான பக்கங்களில் பிரபு நேரில் வரும் இடங்கள் கொஞ்சம். ஜன்னலில் நிழல், வாசலில் நாய், பெட்டியில் மண் என்றுதான் வருகிறான். நாம் அவனைப் பார்த்ததாக நினைப்பதெல்லாம் ஹார்க்கர் பார்த்தது: படுக்கையைத் தட்டிப்போட்ட கைகள், உள்ளங்கையில் முளைத்த முடி, சாப்பிடாமல் விருந்தளிக்கும் நயம், விடியுமுன் பேச்சை நிறுத்தும் அவசரம். சினிமா வழியாக மட்டும் டிராகுலாவைத் தெரிந்த வாசகர் யாராவது என்னிடம் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், அந்த நான்கு அத்தியாயங்களை ஒரே இரவில் படிக்கச் சொல்வேன். மே 3ஆம் தேதி மியூனிக்கிலிருந்து ரயில் தாமதம் என்று எழுதத் தொடங்குகிறவன், ஜூன் 30 காலையில் கோட்டைச் சுவரைப் பற்றி இறங்கத் துணிந்து நாட்குறிப்பை மூடுகிறான்.